ஆண்குறிப் புற்றுநோய்: குரலைத் தாழ்த்திக் கேட்ட கேள்விகள்

என் தாய்மாமா அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை ஒன்றில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். அவருக்கு ஆண்குறி நுனியில் புற்றுநோய் வந்தது. எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. துவைக்கப் போட்ட லுங்கியில் கறையைப் பார்த்து அத்தை கேட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அப்புறம் ஸ்கேனுக்கும் சதைப் பரிசோதனைக்கும் ஆபரேஷனுக்கும் ஃபைலைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன் நான். அன்றிலிருந்து தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று யாராவது போன் செய்துகொண்டே இருக்கிறார்கள். பேச்சு பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும்: "எனக்கு இல்ல சார், என் ஃப்ரெண்டுக்கு..."

நான் டாக்டர் இல்லை. மாமாவைப் பார்த்த டாக்டர்கள் சொன்னதையும், பிறகு படித்துச் சரிபார்த்துக்கொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் உடம்பைப் பார்த்து முடிவு சொல்ல வேண்டியவர் உங்கள் டாக்டர்தான்.

அந்த இடத்தில் கூடப் புற்றுநோய் வருமா? நான் கேள்விப்பட்டதே இல்லையே?

வரும். கேள்விப்படாததற்குக் காரணம், வந்தவர்கள் வெளியே சொல்வதில்லை. வீட்டில் கேட்டால் "வயித்துல கட்டி" என்பார்கள். எங்கள் வீட்டிலும் சொந்தக்காரர்களுக்குச் சொன்னது "யூரின் பையில பிரச்சினை" என்றுதான்.

2020ஆம் ஆண்டுக்கான உலகப் புற்றுநோய்க் கணக்கின்படி அந்த ஒரு வருடத்தில் சுமார் 36,000 ஆண்களுக்கு இது வந்தது. அதில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இந்தியாவில். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் வருடத்துக்கு லட்சம் ஆண்களில் ஒருவருக்கும் குறைவாகவே வருகிற அபூர்வ நோய். நம் ஊரிலும் வாய்ப் புற்றுநோய், வயிற்றுப் புற்றுநோய் அளவுக்கு இல்லை. ஆனால் பெரிய அரசு மருத்துவமனைகளின் சிறுநீரியல் (யூராலஜி) டாக்டர்களுக்கு இது புதிய முகம் இல்லை.

நூற்றில் 95 பேருக்கு வருவது மேல்தோலின் செதிள் செல்களில் தொடங்கும் வகை. வாயிலும் கருப்பை வாயிலும் வருவதற்கு உறவுக்காரன் மாதிரி. பெரும்பாலும் நுனியில் இருக்கும் மொட்டுப் பகுதியிலோ முன்தோலின் உள்பக்கத்திலோ தொடங்கும். தண்டுப் பகுதியில் தொடங்குவது ரொம்ப அரிது.

எனக்கு முன்தோல் பின்னுக்கு வராது. அதனால் வந்துவிடுமா?

வந்தே தீரும் என்று இல்லை. ஆனால் ஆபத்துக் காரணங்களில் முதலிடம் இந்த முன்தோல் இறுக்கத்துக்குத்தான். நோய் வந்தவர்களில் கால்வாசிப் பேரிலிருந்து பாதிக்கு மேற்பட்டவர்கள் வரை இறுக்கம் இருந்ததாக ஆய்வுகள் சொல்கின்றன. தோல் பின்னுக்கு வராதபோது உள்ளே அழுக்கும் ஈரமும் தங்கும். அடிக்கடி புண்ணாகும், ஆறும், மறுபடி புண்ணாகும். இப்படி வருடக்கணக்கில் அழற்சியிலேயே இருக்கிற தோல்தான் வழி தவறுகிறது. உள்ளே சேரும் வெள்ளை மாவு போன்ற அழுக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று முன்பு சொல்வார்கள். அதற்கு நேரடியான ஆதாரம் கிடைக்கவில்லை. அது தங்குவதால் வரும் அழற்சிதான் பிரச்சினை.

இறுக்கத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. உள்ளே கட்டி வளர்ந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. மாமாவுக்கு நடந்தது அதுதான். தோலுக்கு மேலாகத் தடவினால் ஒரு கெட்டி, அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

பையன்களைப் பெற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. சின்னக் குழந்தைக்கு முன்தோல் ஒட்டியிருப்பது இயற்கை. வயது ஏற ஏறத் தானாகவே இளகும். பாட்டி சொன்னார் என்று எண்ணெய் தடவிப் பலவந்தமாகத் தள்ளாதீர்கள். கிழிந்து தழும்பானால் அதனாலேயே நிஜமான இறுக்கம் வந்துவிடும்.

தினமும் இரண்டு வேளை குளிக்கிறேன். அது போதாதா?

உடம்புக்குப் போதும், இந்த இடத்துக்குப் போதாது. முன்தோலைப் பின்னுக்குத் தள்ளி வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும், பிறகு தோலை முன்னுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். சோப்பு அவசியமில்லை. டெட்டால் ஊற்றவே கூடாது.

டென்மார்க்கில் சுன்னத் செய்யும் வழக்கம் பெரிதாக இல்லை. ஆனாலும் 1940களிலிருந்து 1990 வரை அங்கே இந்த நோய் குறைந்துகொண்டே வந்தது. வீடுகளுக்குள்ளேயே குளியலறை வந்தது ஒரு காரணமாக இருக்கலாம் என்றார்கள் ஆய்வு செய்தவர்கள். இதைப் படித்தபோது எனக்கு வியாசர்பாடியில் நாங்கள் இருந்த பழைய வீடு ஞாபகம் வந்தது. பத்துக் குடித்தனத்துக்கு ஒரே குளியலறை. பெண்கள் அதற்குள்ளே போவார்கள். ஆண்கள் தெரு அடிபம்ப் பக்கத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு இரண்டு குடம் ஊற்றிக்கொள்வார்கள். நடுத்தெருவில் துண்டோடு குளிக்கிறவன் எங்கே தோலைத் தள்ளிக் கழுவுவது? சுத்தம் என்பது மனசு மட்டும் சம்பந்தப்பட்ட விஷயம் இல்லை. கதவு, தாழ்ப்பாள், தண்ணீர் மூன்றும் வேண்டும். ஏழைகளுக்கு இந்த நோய் அதிகம் வருவதை அவர்கள் அசிங்கமானவர்கள் என்று படிக்கிறவர்கள் இதையும் யோசிக்கலாம்.

அப்படியானால் எல்லோரும் சுன்னத் செய்துகொள்ள வேண்டுமா?

வேண்டாம். பிறந்த சில நாட்களிலோ சிறு வயதிலோ சுன்னத் செய்யப்பட்டவர்களுக்கு இந்த நோய் மிக மிக அரிது, அது உண்மை. பெரியவரான பிறகு செய்தால் அதே அளவு பாதுகாப்பு கிடைப்பதில்லை. ஏனென்றால் அதற்குள் வருடக்கணக்கான அழற்சி நடந்து முடிந்திருக்கும். தோல் தாராளமாக நகர்கிறது, கழுவ முடிகிறது என்றால் இதற்காக ஆபரேஷன் தேவையில்லை.

ஆனால் இறுக்கம் இருந்து அடிக்கடி புண்ணும் வந்து டாக்டர் முன்தோல் அகற்றச் சொன்னால், மதத்தை நினைத்துத் தயங்குகிறவர்கள் நிறைய. ஒரு பெரியவர் என்னிடம், "ஊர்ல என்ன நினைப்பாங்க?" என்று கேட்டார். ஊருக்கு யார் காட்டப்போகிறார்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். சிரித்துவிட்டார்.

சர்க்கரை வியாதிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

சென்னையில் இது ரொம்ப முக்கியமான கேள்வி. சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்கு முன்தோலில் பூஞ்சைத் தொற்று அடிக்கடி வரும். தோல் வெடிக்கும், ஆறும்போது சுருங்கும். ஐம்பது வயது வரை தாராளமாக நகர்ந்த தோல் திடீரென்று இறுகிப்போகும். சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளைச் சாப்பிடுகிறவர்களுக்கும் இந்தப் பூஞ்சைத் தொல்லை கூடுதல். அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

பெரிய வயதில் புதிதாக வரும் இறுக்கத்தை அப்படியே விடக்கூடாது. சர்க்கரையால் இருக்கலாம். தோல் வெள்ளையாகத் தடித்துத் தழும்பு மாதிரி ஆகும் லைக்கன் ஸ்க்லீரோசஸ் என்ற நோயால் இருக்கலாம். அதுவும் ஆபத்துக் காரணங்களில் ஒன்றுதான். உள்ளே கட்டி இருப்பதாலும் இறுகலாம். திறந்து பார்த்தால்தான் தெரியும்.

பீடி, சிகரெட்?

ஆம். புகைக்கிறவர்களுக்கு ஆபத்து மூன்று நான்கு மடங்கு என்கின்றன ஆய்வுகள். பீடிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று மாமா விடாமல் வாதாடினார். நஞ்சு நுரையீரலோடு நிற்பதில்லை, இரத்தத்தில் கலந்து எல்லா இடத்துக்கும் போகிறது. வாயில் அடக்கும் புகையிலையையும் இதே கணக்கில் வையுங்கள்.

தப்பான சகவாசம் வைத்தவர்களுக்குத்தான் வரும் என்கிறார்களே?

இந்த ஒரு பேச்சுதான் ஆட்களை வீட்டிலேயே வைத்துக் கொல்கிறது. நோய் வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டியில் எச்.பி.வி. என்ற வைரஸ் இருக்கிறது. அதிலும் 16ஆம் வகைதான் அதிகம். மீதிப் பாதிப் பேருக்கு அந்த வைரஸே கிடையாது. அவர்களுக்கு வந்தது இறுக்கத்தாலும் பழைய அழற்சியாலும். வாழ்நாள் முழுக்க ஒரே மனைவியோடு வாழ்ந்தவருக்கும் வரும்.

எச்.பி.வி. உடலுறவு வழியாகப் பரவும். பலரோடு உறவு இருந்தால் வாய்ப்பு கூடும் என்பதும் சரிதான். ஆனால் தாம்பத்யம் நடத்தும் பெரும்பாலானவர்களை வாழ்க்கையில் ஒரு தடவையாவது தொட்டுவிட்டுப் போகும் வைரஸ் அது. பலருக்குத் தானாகவே போய்விடும். எச்.ஐ.வி. இருப்பவர்களுக்கு அது போகாமல் தங்கும் வாய்ப்பு அதிகம். அவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

இதற்குத் தடுப்பூசி உண்டு. புனேயின் சீரம் நிறுவனம் தயாரிக்கும் செர்வாவாக் 2023 தொடக்கத்தில் அறிமுகமானது. பெண் பிள்ளைகளுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆண் பிள்ளைகளுக்கும் போடலாம். 9 வயதிலிருந்து போடுவது, அதாவது வைரஸ் வருவதற்கு முன்பே போடுவதுதான் பலன். நோய் வந்த பிறகு இது மருந்தாகாது.

எதைப் பார்த்தால் டாக்டரிடம் ஓட வேண்டும்?

ஓடவேண்டாம், நடந்து போனால் போதும். ஆனால் அந்த வாரமே போங்கள்.

மூன்று நான்கு வாரமாகியும் ஆறாத புண். வலியே இல்லாத கெட்டி, அல்லது காலிஃப்ளவர் மாதிரி வளரும் சதை. சிவந்து வெல்வெட் துணி போலப் பளபளக்கும் திட்டு. முன்தோலுக்கு அடியிலிருந்து நாற்றத்தோடு வரும் நீர், இரத்தம். தொடை இடுக்கில் நெறி, அதாவது நிணநீர்க் கணு, வீங்கிக் கட்டியிருப்பது.

இதில் எங்கேயும் "வலிக்கும்" என்று சொல்லவில்லை, கவனித்தீர்களா? ஆரம்பத்தில் பெரும்பாலும் வலிக்காது. வலிக்காததால்தான் மாமா எட்டு மாதம் தள்ளினார். அந்த எட்டு மாதமும் மருந்துக் கடையில், ஸ்டீராய்டும் பூஞ்சை மருந்தும் ஆன்டிபயாடிக்கும் கலந்த ஒரு களிம்பை வாங்கித் தடவிக்கொண்டிருந்தார். டியூப் தீர்ந்தால் அடுத்த டியூப். சிவப்பு கொஞ்சம் குறையும், அவருக்கு நம்பிக்கை வரும், அடியில் கட்டி பாட்டுக்கு வளரும். கடைக்காரர் ஒரு தடவைகூட "எங்கே தடவுறீங்க?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் மாமா "தொடையில" என்றுதான் சொல்லியிருப்பார்.

எனக்கு 22 வயது. மொட்டைச் சுற்றி வரிசையாகச் சின்னச் சின்ன முத்துகள் இருக்கின்றன. பயமாக இருக்கிறது.

ஒரே அளவில் வரிசையாக, வருடக்கணக்கில் மாறாமல் இருந்தால் அது பெரும்பாலும் இயற்கையான முத்துப் பருக்கள். நோயும் இல்லை, தொற்றும் இல்லை. ஒரு தடவை தோல் டாக்டரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள். இரவு இரண்டு மணிக்குப் போனில் படம் தேடிப் பார்ப்பதை நிறுத்துங்கள்.

சதை எடுத்துப் பரிசோதித்தால் கத்தி பட்டுப் பரவிவிடும் என்கிறார்களே?

பரவாது. ஒரு சின்னத் துண்டை எடுத்துப் பார்க்காமல் இது புற்றுநோயா, எந்த வகை, எவ்வளவு வீரியம் என்று யாராலும் சொல்ல முடியாது. மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். இந்தப் பேச்சு எங்கிருந்து வந்தது என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு. பல பேர் முற்றிய நிலையில்தான் பயாப்சிக்கு வருகிறார்கள். பரிசோதனை முடிந்து சில மாதத்தில் இறந்துவிடுகிறார்கள். பழி கத்தி மேல் விழுகிறது.

எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று பார்க்கத் தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். நெறியில் பரவியிருக்கிறதா என்று பார்க்க ஸ்கேனும், சந்தேகமான நெறியில் ஊசி குத்தி எடுக்கும் பரிசோதனையும் செய்வார்கள்.

முழுசாக வெட்டி எடுத்துவிடுவார்களா?

போனில் கேட்கிறவர்கள் அத்தனை பேரும் சுற்றிச் சுற்றி வந்து நிற்பது இந்தக் கேள்வியில்தான். பதில், எவ்வளவு சீக்கிரம் வருகிறீர்கள் என்பதில் இருக்கிறது.

மேல்தோலோடு நிற்கும் ஆரம்ப நிலைக்குக் களிம்பே போதலாம். ஃபுளோரோயுராசில், இமிக்விமாட் என்று இரண்டு உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சமாச்சாரம் இல்லை, டாக்டர் கண்காணிப்பில் தடவ வேண்டும். லேசரும் உண்டு. முன்தோலில் மட்டும் இருந்தால் முன்தோலை அகற்றினாலே பலருக்கு முடிந்துவிடும். மொட்டில் இருந்தால் கட்டியை மட்டும் எடுப்பார்கள், அல்லது மொட்டை எடுத்துவிட்டுத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துவந்து ஒட்டுவார்கள். உள்ளே விறைப்புத் திசுவுக்குள் போயிருந்தால் பகுதி அகற்றம். அடி வரை பரவியிருந்தால்தான் முழு அகற்றம்.

முன்பு கட்டியைத் தாண்டி இரண்டு சென்டிமீட்டர் நல்ல சதையையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது விதி. அந்த இடத்தில் இரண்டு சென்டிமீட்டர் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. இப்போது சில மில்லிமீட்டர் சுத்தமான ஓரம் கிடைத்தாலே போதும் என்று தெரிந்துவிட்டது. அதனால் முன்பு இழந்திருக்கக்கூடிய உறுப்பை இப்போது பலருக்குக் காப்பாற்ற முடிகிறது. பாதி காப்பாற்ற முடியுமா என்று டாக்டரிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்கலாம், தப்பில்லை. இதை அதிகம் செய்து பழகிய இடத்தில் இரண்டாவது கருத்து வாங்குவதும் தப்பில்லை.

கட்டியைத்தான் எடுத்தாயிற்றே, தொடை இடுக்கில் எதற்கு இன்னொரு ஆபரேஷன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். ஆண்குறிப் புற்றுநோயில் ஆயுளைத் தீர்மானிப்பது ஆண்குறி இல்லை, நெறிதான்.

இந்த நோய் ஒழுங்காகப் படியேறும். முதலில் தொடை இடுக்கு நெறிகள், அங்கிருந்து இடுப்புக்குள் இருக்கும் நெறிகள், அதற்கப்புறம்தான் நுரையீரல், கல்லீரல், எலும்பு. முதல் படியிலேயே பிடித்தால் ஆள் பிழைப்பார். சிக்கல் எங்கே என்றால், கையால் தடவினால் நெறியே தெரியாதவர்களிலும் நான்கைந்து பேரில் ஒருவருக்கு உள்ளே கண்ணுக்குத் தெரியாத அளவில் பரவியிருக்கும். ஸ்கேனிலும் சிக்காது. இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். நெறி தட்டுப்படுகிற எல்லோருக்கும் அது புற்றுநோயாக இருப்பதில்லை, புண்ணில் இருந்த கிருமியாலும் வீங்கும். முன்பெல்லாம் ஆறு வாரம் ஆன்டிபயாடிக் கொடுத்துக் காத்திருப்பார்கள். அந்த ஆறு வாரம் வீண் என்று, உடனே ஊசிப் பரிசோதனை செய்யச் சொல்கிறார்கள் இப்போது.

நெறி தெரியாவிட்டாலும், கட்டி வீரியமானதாகவோ ஆழமானதாகவோ இருந்தால் "காவல் நெறி"ப் பரிசோதனை செய்யலாம். கதிர்த் தன்மை கொண்ட மருந்தையும் நீலச் சாயத்தையும் கட்டி இருந்த இடத்தில் செலுத்தி, அது முதலில் போய்ச் சேரும் நெறியை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். எல்லா இடத்திலும் இந்த வசதி கிடையாது. இல்லாத இடத்தில் நெறிகளை எடுத்துவிடுவதுதான் வழி.

அந்த ஆபரேஷன் சுகமானது என்று பொய் சொல்ல மாட்டேன். மாமாவுக்கு நுனியில் நடந்த ஆபரேஷன் பத்து நாளில் ஆறிவிட்டது. நெறி ஆபரேஷன்தான் இரண்டு மாதம் படுத்தியது. நீர் வடியக் குழாய் வைத்திருப்பார்கள். தையல் ஓரம் பிரியலாம், சீழ் வைக்கலாம். நிரந்தரமாகக் கால் வீங்கலாம். பக்கத்து வீட்டுக்காரர்கள் யானைக்கால் என்று நினைத்துக்கொண்டார்கள், நாங்களும் திருத்தவில்லை. இறுக்கமான காலுறை போடச் சொல்வார்கள். சென்னை மே மாதத்தில் அதைப் போடுவது ஒரு தண்டனை. மாமா காலையில் வெயில் ஏறுவதற்குள் போட்டு வேலைகளை முடித்துக்கொண்டு, மத்தியானம் கழற்றிவிட்டுக் காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துப் படுத்துவிடுவார். வெறுங்காலோடு நடக்கக் கூடாது. கொசுக்கடியைச் சொறிந்து புண்ணாக்கக் கூடாது. சின்னக் கீறல் வழியாகக் கிருமி போனாலும் கால் சிவந்து குளிர் காய்ச்சல் வரும்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு "வேண்டாம்" என்று போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு வருஷம் கழித்து நெறி வெடித்து வருகிறார்கள். அப்போது செய்ய ரொம்பக் கொஞ்சம்தான் மிச்சமிருக்கும்.

ஆபரேஷன் இல்லாமல் கரண்ட் வைத்தோ கீமோவிலோ சரிசெய்ய முடியாதா?

கரண்ட் என்று நாம் சொல்வது கதிர்வீச்சு. நான்கு சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டியென்றால், கதிர் ஊசிகளைக் கட்டிக்குள்ளேயே செருகி வைக்கும் சிகிச்சையால் உறுப்பைக் காப்பாற்ற முடியும். அதற்கு முன் முன்தோலை அகற்றிவிடுவார்கள். பின்னால் சிறுநீர்த் துளை சுருங்குவது, புண் வருவது போன்ற தொல்லைகள் உண்டு. இதில் அனுபவமுள்ள இடமாகப் பார்த்துப் போக வேண்டும்.

கீமோ மட்டும் கொடுத்து இந்த நோயை முழுசாகக் குணப்படுத்துவது அரிது. பெரிய, ஒட்டிப்போன நெறிகள் இருந்தால் ஆபரேஷனுக்கு முன் சுருக்குவதற்காக பேக்லிடாக்சல், ஐஃபோஸ்ஃபமைட், சிஸ்பிளாட்டின் மூன்றும் சேர்த்து, மூன்று வாரத்துக்கு ஒரு தடவையாக நான்கு சுற்று கொடுப்பார்கள். 2010இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் இதற்குப் பாதிப் பேர் பலன் காட்டினார்கள். குழந்தை வேண்டும் என்கிற வயதென்றால், கீமோ தொடங்குவதற்கு முன்பே விந்தைச் சேமித்து வைப்பது பற்றிக் கேளுங்கள்.

எத்தனை பேர் பிழைக்கிறார்கள்? மழுப்பாமல் சொல்லுங்கள்.

நெறிக்குப் பரவாதவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் ஐந்து வருடம் தாண்டி இந்த நோயால் சாகாமல் இருக்கிறார்கள். ஒன்றிரண்டு நெறியில் இருந்து, அதை ஒழுங்காக எடுத்துவிட்டால் முக்கால்வாசிப் பேருக்கு மேல். இரண்டு பக்கமும், நிறைய நெறிகள் என்றால் குறைந்துகொண்டே போகும். இடுப்பு நெறிகளுக்குப் போய்விட்டால் மூன்றில் ஒருவரோ அதற்கும் குறைவோதான். நுரையீரல், எலும்பு என்று போனவர்களில் அமெரிக்கக் கணக்கின்படி ஐந்து வருடம் தாண்டுகிறவர்கள் பத்துப் பேரில் ஒருவர் போல.

இவையெல்லாம் கூட்டத்தின் கணக்கு. உங்கள் அப்பா எந்தப் பக்கம் என்பதை இது சொல்லாது. மாமாவுக்கு ஒரு பக்கம் ஒரு நெறியில் இருந்தது. மூன்று வருடம் ஆகிறது. பட்டறைக்குப் போவதில்லை, பேரனை ஸ்கூலில் விட்டு அழைத்து வருகிறார்.

பகுதியாக எடுத்த பிறகு தாம்பத்யம்? நின்றுகொண்டு சிறுநீர் கழிக்க முடியுமா?

மிச்சம் இருக்கும் நீளத்தைப் பொறுத்தது. இரண்டு மூன்று சென்டிமீட்டராவது மிஞ்சினால் நின்றே போகலாம். பகுதி அகற்றத்துக்குப் பிறகும் விறைப்பு வரும், உச்சம் வரும், விந்து வரும். உறவு கொள்ள முடிகிறவர்கள் உண்டு.

விதைகளைத் தொடுவதில்லை. அதனால் ஆண் ஹார்மோன் அப்படியே இருக்கும். குரல் மாறாது, மீசை உதிராது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், மீசை உதிருமா என்று கேட்டவர்கள் மூன்று பேர்.

முழுசாக அகற்றினால் விதைப்பைக்கும் ஆசனவாய்க்கும் நடுவில் சிறுநீருக்குப் புதுத் துளை வைப்பார்கள். உட்கார்ந்துதான் போக வேண்டும். நம் ஊர்க் குந்தும் கக்கூஸ் இதற்கு ஒத்துவரும், வெஸ்டர்னும் சரி. வெளியே போகும்போதுதான் கதவுள்ள கழிப்பறையைத் தேட வேண்டியிருக்கும்.

உடம்பை விட மனசு ஆற அதிக நாள் ஆகும். மாமா ஆறு மாதம் அத்தையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நீ இருக்கியா, அது போதும்"னு அத்தை சொன்னதை அவர் நம்பவே இல்லை. மனநல ஆலோசகரிடம் போகச் சொன்னால் "நான் என்ன பைத்தியமா?" என்று கோபித்துக்கொண்டார். பிறகு போனார். ஆபரேஷனுக்கு முன்பே கணவன் மனைவி இருவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேசியிருந்தால் இந்த ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும்.

மனைவிக்கு ஒட்டிக்கொள்ளுமா?

புற்றுநோய் ஒட்டாது. எச்.பி.வி. இருவரிடமும் இருக்கக்கூடும். அதனால் மனைவி கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. முப்பது வயது தாண்டிய எல்லாப் பெண்களும் எப்படியும் செய்துகொள்ள வேண்டியதுதான், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்வார்கள்.

நாட்டு மருந்து?

மின்சார ரயிலில் ஒட்டியிருக்கும் நோட்டீஸைப் பார்த்து லாட்ஜில் அறை எடுத்து வைத்தியம் பார்க்கிறவர்களிடம் போகாதீர்கள். காரமான கலவையைப் பூசிக் கட்டியைக் கருக்கிவிட்டதாகச் சொல்வார்கள். மேலே கருகும், அடியில் வேர் இருக்கும்.

சென்னையில் எங்கே போவது? செலவு எவ்வளவு ஆகும்?

சென்ட்ரல் எதிரே இருக்கும் ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, அதாவது நம்ம ஜி.எச்., அப்புறம் ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவமனைகளில் சிறுநீரியல் பிரிவு உண்டு. ராயப்பேட்டை அரசு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு இருக்கிறது. 1954இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு ஆந்திராவிலிருந்து கூட ஆள் வருகிறது.

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை வாங்கிக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 5 லட்சம் வரை உண்டு, சேர்ந்துள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ரேஷன் அட்டை, ஆதார், வருமானச் சான்று வேண்டும். நோய் தெரிந்த அன்றே சான்றுக்கு விண்ணப்பித்துவிடுங்கள், ஆபரேஷன் தேதி வந்த பிறகு அலையாதீர்கள். வெளியூர்க்காரர்களுக்குச் சிகிச்சைக்காக வந்துபோக ரயிலில் கட்டணச் சலுகை உண்டு. அதற்கான படிவத்தில் ஆஸ்பத்திரியில் கையெழுத்து வாங்க வேண்டும்.

மறுபடியும் வருமா?

வரலாம். உறுப்பைக் காப்பாற்றும் சிகிச்சை செய்தவர்களுக்கு அதே இடத்தில் திரும்ப வரும் வாய்ப்பு கூடுதல். ஆனால் உடனே கண்டுபிடித்து எடுத்துவிட்டால் ஆயுளுக்குப் பெரிய சேதம் இல்லை. நெறியில் திரும்ப வருவதுதான் மோசம். அதனால் முதல் இரண்டு வருடம் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஐந்து வருடம் வரை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை என்று கூப்பிடுவார்கள். நடுவில் மாதம் ஒரு நாள் நீங்களே தொடை இடுக்கைத் தடவிப் பாருங்கள். பீடியை விடாதவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்வதற்கில்லை, மாமா இதைப் படிப்பார்.

முதல் தடவை போகிறேன். சீட்டுப் போடும் இடத்தில் எல்லார் முன்னாலும் என்ன சொல்வது?

"யூராலஜி" என்று மட்டும் சொல்லுங்கள், போதும். விவரம் கேட்க மாட்டார்கள். காலையிலேயே போய்விடுங்கள், வேட்டியோ தளர்வான பேன்ட்டோ போட்டுக்கொள்ளுங்கள். சாப்பிடும் மாத்திரைகளையும் தடவிய களிம்பு டியூப்பையும் கையோடு எடுத்துப் போங்கள்.

டாக்டரிடம் மட்டும் சுற்றி வளைக்காதீர்கள். மாமா களிம்பு தடவிய எட்டு மாதத்துக்கு நடுவில் ஒரு தடவை ஒரு கிளினிக்குக்குப் போயிருக்கிறார். "யூரின் கடுக்குது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். அவர்களும் அவிழ்த்துப் பார்க்காமல் ஐந்து நாள் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நீங்கள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: "டாக்டர், முன்தோலுக்குள்ள ஒரு புண் இருக்கு, ஒரு மாசமா ஆறலை, பாருங்க." லேடி டாக்டர் இருந்தால் கூச்சமாக இருக்கிறது என்று சொல்லி ஆண் டாக்டரைக் கேட்கலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பார்க்காமலே மருந்து எழுத ஆரம்பித்தால், எழுந்திருக்காதீர்கள். "ஒரு தடவை பார்த்துடுங்க டாக்டர்" என்று திரும்பவும் சொல்லுங்கள்.